சங்கரா என்றால் வேறு மீன்

காக்திவீப்பில் ட்ரால் படகு ஓட்டியவன் நொனிகோபால்.
என் வயதுதான், நாற்பத்தொன்று.
வேலூருக்கு வந்த பதினோராம் நாள்
வாயைப் பாதி திறந்து கேட்டான்:
ஷொங்கோர் மாச் கிடைக்குமா?

கிடைக்கும் என்றேன்.
பாபுராவ் தெரு லாட்ஜ்களுக்கு நடுவே
பதினாறு வருஷமாக வங்காளத்தைத் தமிழாக்கிப் பிழைக்கிறேன்.
தோபாஷி என்பார்கள் என்னை.
நம் பழைய துபாஷியேதான்,
ரயிலேறிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.
நாளுக்கு முந்நூறு. ஸ்கேன் நாளென்றால் ஐம்பது கூட.

மார்க்கெட்டில் கோட்டீஸ்வரி
சிவக்கச் சிவக்க ஒரு கிலோ சங்கரா நிறுத்தாள்.
காசிமேட்டில் ஏறி, வாலாஜா டோல்கேட்டில் தூங்கி
விடியலில் இறங்கிய ஐஸ்பெட்டி.
ஒன்றின் வாய்க்குள்
வெள்ளையாய் ஏதோ என்னைப் பார்த்தது.
நாக்கு இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு கண், ஏழு ஜோடிக் கால்.
"இன்னாபா, பூச்சிக்குப் போயி பயந்துக்கினு?
பூச்சி கீதுன்னா மீனு புதுசுன்னு அர்த்தம்."

லாட்ஜ் மாடியில் வாடகை அடுப்பு, வாடகை வாணலி.
பைக்குள் பார்த்த நொனிகோபால்
இது இல்லை என்று தலையாட்டினான்.
இரு கைகளையும் விரித்து, ஓரங்களை அலையாக்கி,
பின்னால் ஒரு சாட்டையை இழுத்துக் காட்டினான்.
திருக்கை!
அவன் ஊரில் ஷொங்கோர் என்றால் திருக்கையாம்.
பதினாறு வருஷமாக இந்த ஒரு சொல்
எனக்குத் தட்டுப்படாமலே கிடந்திருக்கிறது.

மறுபடி போய் வாங்கி வந்தேன்.
அவனே அறுத்தான்.
அடிப்பக்கம் ஐந்தைந்தாகச் செவுள் கீறல்கள்;
ஒன்றை நகத்தால் நெம்பி
உள்ளிருந்ததைத் தட்டில் எடுத்து வைத்தான்.
நொய்யளவு உடம்பு,
பின்னால் தொங்கும் இரண்டு முட்டைச் சரங்கள்,
தையல் பிரித்த நூல் மாதிரி.
உக்குன், என்றான். பேன்.
மீன் செத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்
கொக்கியை விடாமல் வந்திருக்கிறது.
அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

பிறகு சங்கராவின் வாயைத் திறந்தான்.
அந்த வெள்ளைப் பூச்சியும் அவனுக்குப் பழக்கம்.
சின்னதில் செவுள் வழியே நுழையும்,
ஆணாக நுழைந்து உள்ளே பெண்ணாகும்,
நாக்கின் ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சி
நாக்கு சுருங்கிப் போனதும்
அங்கே தானே உட்கார்ந்துகொள்ளும்.
மீன் அதை வைத்துத் தின்னும், வளரும்.
குழறிக் குழறிச் சொன்னான்.
நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும்
தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.
கேட்க அங்கே தமிழ் ஆள் யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னது:
நாக்கில் பாதியை எடுத்தாக வேண்டும்.
நான் சொன்னது: ஒல்போ. கொஞ்சம்.
அவன் மனைவி ஷெபாலி அந்தக் கொஞ்சத்தை
முந்தானையில் முடிந்துகொண்டாள்.
மீதியை நான் வைத்துக்கொண்டேன்.
நாலு நாளாக அது என் வாயில்தான் இருந்தது,
டீ குடிக்கும்போதெல்லாம் இடறியது.

நொனிகோபால் பூச்சியைப் பலகையில் மல்லாத்தினான்.
கால்கள் எதையோ பிடித்தபடியே மடங்கியிருந்தன.
கத்தியை அதன் மேல் வைத்தான்.
அறுக்கவில்லை.
கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தி
சரிபாதியில் நிறுத்தி
என்னைப் பார்த்தான்.

ஷெபாலி மஞ்சள்தூள் தேடிக்கொண்டிருந்தாள்.
நான் தலையசைத்தேன்.

திருக்கை கொதித்தது, கடுகெண்ணெய் வாசம் படிக்கட்டு வரை.
சங்கராவைத் தலைகளோடு எனக்கே கொடுத்துவிட்டார்கள்.
கிளம்பும்போது முந்நூறை எண்ணி நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
சத்துவாச்சாரி பஸ்ஸில் டிக்கெட்டுக்கு எடுத்தபோது
நூறு ரூபாய் நோட்டில் ஒரு செதில்;
கண்டக்டர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்,
வரவில்லை.